பத்து ஆண்டு லாபத்தை வைத்து ஒரு பங்கை மதிப்பிடுவது எப்படி? மணலி, எண்ணூர்க் கம்பெனிகளோடு ஒரு பயிற்சி

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் குடியிருப்பவர்கள் கம்பெனிகளின் நல்ல காலத்தையும் கெட்ட காலத்தையும் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆர்டர் குவிந்தால் மூன்று ஷிப்டும் ஓடும், ஓவர்டைம் கிடைக்கும். சரக்கு தேங்கினால் முதலில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்துவார்கள், அப்புறம் வேலையில்லா நாட்கள் அறிவிப்பார்கள். 2019 செப்டம்பரில் லாரி விற்பனை படுத்தபோது அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலையிலும் அப்படி அறிவிப்பு வந்தது. இரண்டு மூன்று வருடம் போனால் காற்று மாறும், மறுபடி ஆள் எடுப்பார்கள்.

இவ்வளவும் கண்ணெதிரே பார்த்தவர்கள்கூட டிமேட் கணக்கு தொடங்கிப் பங்கு வாங்கப் போகும்போது, செல்போன் ஆப் காட்டும் பி.இ. எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். "பி.இ. 6தான், சல்லிசா இருக்கு" என்கிறார்கள். அந்த எண், பங்கின் விலையைக் கடைசி 12 மாதத்தில் பங்கு ஒன்றுக்குக் கிடைத்த லாபத்தால் வகுத்து வந்தது. அந்த 12 மாதம் கம்பெனியின் உச்ச காலமா, சரிவுக் காலமா என்பதை அது சொல்லாது. ஆலை வாசலில் நமக்குத் தெரிந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்குக்குள்ளும் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது: கடந்த 10 ஆண்டு லாபத்தை இன்றைய பண மதிப்புக்கு மாற்றி, சராசரி எடுத்து, அந்தச் சராசரியோடு விலையை ஒப்பிடுவது. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவ்வளவுதான் செலவு.

முறை எங்கிருந்து வந்தது

1929 வீழ்ச்சியில் அமெரிக்கப் பங்குச் சந்தை நொறுங்கிய பிறகு, 1934 இல் பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் என்ற இரு அமெரிக்க முதலீட்டு ஆசிரியர்கள் முதலீட்டாளர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொன்னார்கள்: ஒரே ஆண்டு லாபத்தை நம்பாதே, குறைந்தது 5 ஆண்டு, முடிந்தால் 7 முதல் 10 ஆண்டுச் சராசரியைப் பார். 1988 இல் ஜான் கேம்பெல், ராபர்ட் ஷில்லர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் அந்த யோசனையோடு பணவீக்கத்தையும் சேர்த்தார்கள். மொத்த அமெரிக்கச் சந்தையின் விலையை, பணவீக்கம் சரிசெய்த 10 ஆண்டுச் சராசரி லாபத்தால் வகுத்தார்கள். இன்று அதை ஷில்லர் பி.இ. என்றும் கேப் விகிதம் என்றும் சொல்கிறார்கள். 1999 டிசம்பரில் இணையக் கம்பெனிகளின் மோகம் உச்சத்தில் இருந்தபோது அமெரிக்கச் சந்தையின் கேப் 44 வரை போனது. 1871 முதல் எடுத்தால் நீண்ட காலச் சராசரி சுமார் 17. அடுத்து 2000 இல் சந்தை சரிந்தது. ஷில்லருக்கு 2013 இல் பொருளியல் நோபல் கிடைத்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஷில்லர் இதை மொத்தச் சந்தைக்குப் பயன்படுத்தினார். சந்தை திவாலாகாது, தனிக் கம்பெனி திவாலாகலாம். அதனால் ஒரே கம்பெனிக்கு இதைப் போடும்போது கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் கவனம் எங்கெங்கே என்பதுதான் இந்தக் கட்டுரையின் பின்பாதி.

சென்னைப் பெட்ரோலியம் சொல்லும் பாடம்

1965 இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலைதான் இன்றைய சென்னைப் பெட்ரோலியம், சுருக்கமாகச் சி.பி.சி.எல். அதன் லாபக் கணக்கை ஒரு முறை பாருங்கள். 2019-20 இல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம். கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில் கச்சா எண்ணெய் விலை சரிந்ததால், அதிக விலைக்கு வாங்கித் தொட்டியில் வைத்திருந்த சரக்கின் மதிப்பும் சரிந்தது. 2022-23 இல் 3,500 கோடிக்கு மேல் லாபம். உக்ரைன் போருக்குப் பிறகு உலகம் முழுக்க டீசல் தட்டுப்பாடு, சுத்திகரிப்பு மார்ஜின், அதாவது கச்சா எண்ணெய் விலைக்கும் அதிலிருந்து எடுத்து விற்கும் பொருட்களின் விலைக்கும் உள்ள இடைவெளி, எகிறியது. 2024-25 இல் லாபம் 200 கோடி அளவுக்கு இறங்கியது. ஆலை அதே ஆலை, இடம் அதே மணலி, தொழிலாளர்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்.

மொத்தப் பங்குகள் சுமார் 14.9 கோடி. அப்படியானால் 2022-23 இல் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 235 ரூபாய் லாபம். 2023 மார்ச் முடிவில் பங்கின் விலையும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருந்தது. பி.இ. 1-க்குப் பக்கம்! இரண்டே ஆண்டு கழித்து, விலை பல மடங்கு ஏறியிருந்த நிலையில், லாபம் பங்குக்கு 14 ரூபாய் அளவுக்கு விழுந்ததால் பி.இ. 40-ஐத் தொட்டது. 1 என்ற எண்ணும் பொய், 40 என்ற எண்ணும் பொய். அந்த ஆலை சாதாரணமாக எவ்வளவு சம்பாதிக்கும் என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. சுத்திகரிப்பு, பெட்ரோ கெமிக்கல், உரம், லாரி, டயர் என்று வட சென்னையில் நிறைந்திருக்கும் தொழில்கள் எல்லாமே கொஞ்சம் கூடக்குறைய இந்தச் சுபாவம் கொண்டவை. அதனால்தான் இந்த முறையை நம் பகுதியில் இருப்பவர்கள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் படி: 10 ஆண்டு லாபத்தை எடுப்பது

வேண்டியது ஒவ்வொரு ஆண்டுக்குமான, வரி போக, பங்கு ஒன்றுக்கான லாபம். இ.பி.எஸ். என்று ஆண்டறிக்கையில் போட்டிருக்கும். மும்பைப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் பழைய ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். ஸ்கிரீனர் போன்ற தளங்களில் 10 ஆண்டு எண்கள் ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும், வேலை சுலபம். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளையாவது ஆண்டறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கம்பெனி தனியாகச் சம்பாதித்த கணக்கு ஒன்று, துணைக் கம்பெனிகளையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு ஒன்று என்று அறிக்கையில் இரண்டு இருக்கும். ஒருங்கிணைந்த கணக்கையே எடுங்கள். பங்கு வாங்கும்போது துணைக் கம்பெனியிலும் சேர்த்துத்தான் நமக்குப் பங்கு கிடைக்கிறது. அசோக் லேலண்டையே எடுத்துக்கொண்டால், லாரி வியாபாரத்தோடு ஹிந்துஜா லேலண்ட் ஃபைனான்ஸ் என்ற கடன் கொடுக்கும் கம்பெனியும் அதன் கீழ் இருக்கிறது. தனிக் கணக்கு ஒரு எண் சொல்லும், ஒருங்கிணைந்த கணக்கு வேறு எண் சொல்லும். ஐந்து ஆண்டு இதிலிருந்து, ஐந்து ஆண்டு அதிலிருந்து என்று கலந்துவிட்டால் சராசரிக்கு அர்த்தமே இருக்காது. தேசியப் பங்குச் சந்தைகூட, 50 பெரிய கம்பெனிகளைச் சேர்த்த நிஃப்டி குறியீட்டின் பி.இ. கணக்கை 2021 ஏப்ரலில்தான் தனிக் கணக்கிலிருந்து ஒருங்கிணைந்த கணக்குக்கு மாற்றியது. பழைய நிஃப்டி பி.இ.யோடு புதியதை ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: போனஸ், பங்குப் பிரிப்பு

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு ஆலை வைத்திருக்கும் ஐஷர் மோட்டார்ஸ், 2020 ஆகஸ்டில் 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை 1 ரூபாய் முகமதிப்புள்ள 10 பங்காகப் பிரித்தது. எனவே அதற்கு முந்தைய ஆண்டறிக்கைகளில் இருக்கும் இ.பி.எஸ். எண்களை 10 ஆல் வகுக்க வேண்டும். அசோக் லேலண்ட் 2025 ஜூலையில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தது, அதாவது கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசம். அதற்கு முந்தைய எண்களை 2 ஆல் வகுக்க வேண்டும். இதைச் செய்யாமல் சராசரி எடுத்தால் பங்கு ஏதோ பாதி விலைக்குக் கிடைப்பது போலத் தெரியும். இணையதளங்கள் பெரும்பாலும் சரிசெய்த எண்ணையே காட்டும். காட்டுகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

எம்.ஆர்.எஃப். விஷயத்தில் இந்தத் தலைவலி கிடையாது. 1946 இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கிய கம்பெனி அது. 2023 ஜூனில் ஒரு பங்கின் விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. "ஒரு லட்சமா, யார் வாங்குவது?" என்று பலர் கேட்டார்கள். மொத்தப் பங்குகளே சுமார் 42 லட்சம்தான், அதனால் ஒரு பங்கின் விலை அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. 20 ரூபாய்ப் பங்கு மலிவு, லட்ச ரூபாய்ப் பங்கு விலை அதிகம் என்ற எண்ணத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். பங்கு ஒன்றுக்கான லாபத்தோடு சேர்த்துப் பார்க்காதவரை விலை என்பது வெறும் எண்.

மூன்றாம் படி: ஒரே ஒரு முறை வந்த பணத்தை எடுத்துவிடுவது

பழைய தொழிற்பேட்டைக் கம்பெனிகளிடம் நிலம் இருக்கும். ஒரு ஆண்டு அதில் கொஞ்சம் விற்றிருப்பார்கள், அந்த ஆண்டு லாபம் திடீரென்று உயர்ந்திருக்கும். காப்பீட்டுப் பணம் வந்திருக்கலாம், பழைய வரி வழக்கில் ஜெயித்துப் பணம் திரும்பியிருக்கலாம். லாப நட்டக் கணக்கில் எக்ஸெப்ஷனல் ஐட்டம்ஸ் என்று ஒரு வரி வரும், அதற்கு எதிரே எண் இருந்தால் அதன் விளக்கக் குறிப்பைப் படியுங்கள். மறுபடி வராத வரவு என்றால் அந்த ஆண்டு லாபத்திலிருந்து கழித்துவிடுங்கள்.

செலவு விஷயத்தில் இவ்வளவு தாராளம் வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை "விதிவிலக்கான செலவு" வருகிறது என்றால் அது விதிவிலக்கு அல்ல, அந்தத் தொழிலின் வழக்கமான செலவு. அது கணக்கில் இருக்கட்டும்.

நான்காம் படி: பழைய ரூபாயை இன்றைய ரூபாயாக்குவது

முறையின் உயிர் இங்கேதான். 2015-16 இல் சம்பாதித்த 8 ரூபாயும் 2024-25 இல் சம்பாதித்த 8 ரூபாயும் ஒன்றல்ல. மத்திய புள்ளியியல் அமைச்சகம் மாதந்தோறும் நுகர்வோர் விலைக் குறியீட்டை வெளியிடுகிறது. 2012 ஐ 100 என்று வைத்த வரிசையில் 2015-16 ஆண்டின் சராசரி ஏறத்தாழ 125, 2024-25 இன் சராசரி ஏறத்தாழ 193. எனவே 2015-16 இன் லாபத்தை 193 ஆல் பெருக்கி 125 ஆல் வகுத்தால் அது 2024-25 ரூபாயில் எவ்வளவு என்று வந்துவிடும். குறியீட்டின் அடிப்படை ஆண்டு அவ்வப்போது மாறும். பழைய வரிசை எண்ணையும் புதிய வரிசை எண்ணையும் ஒரே கணக்கில் நேரடியாகக் கலக்காதீர்கள். அரசு தரும் இணைப்புக் காரணியைப் பயன்படுத்திப் பழையதைப் புதியதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மனை விற்றவர்கள் சிலருக்கு வருமான வரித்துறையின் விலைக் குறியீடு பழக்கமாக இருக்கும். 2001-02 ஐ 100 என்று வைத்தது, 2024-25 க்கு 363. ஆண்டுக்கு ஒரே எண்தானே, சுலபமாக இருக்கிறதே என்று அதையே இங்கும் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அந்த எண், நகர்ப்புற விலைக் குறியீட்டின் உயர்வில் 75 சதவீதத்தை மட்டும் எடுத்து வருவது. உண்மையான விலைவாசியைக் குறைத்துக் காட்டும்.

இனி ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். மணலியில் ரசாயனம் தயாரிக்கும் ஒரு கற்பனைக் கம்பெனி. பெயர் வேண்டாம். பங்கு ஒன்றுக்கான லாபம், அந்த ஆண்டின் குறியீடு, 2024-25 ரூபாயில் அதன் மதிப்பு ஆகியவை இப்படி:

2015-16: லாபம் 8, குறியீடு 125, மாற்றியது 12.35
2016-17: லாபம் 10, குறியீடு 130, மாற்றியது 14.85
2017-18: லாபம் 12, குறியீடு 135, மாற்றியது 17.16
2018-19: லாபம் 9, குறியீடு 140, மாற்றியது 12.41
2019-20: நட்டம் 4, குறியீடு 146, மாற்றியது நட்டம் 5.29
2020-21: லாபம் 11, குறியீடு 155, மாற்றியது 13.70
2021-22: லாபம் 30, குறியீடு 164, மாற்றியது 35.30
2022-23: லாபம் 34, குறியீடு 175, மாற்றியது 37.50
2023-24: லாபம் 15, குறியீடு 184, மாற்றியது 15.73
2024-25: லாபம் 12, குறியீடு 193, மாற்றியது 12.00

மாற்றிய எண்களைக் கூட்டினால் 165.71. பத்தால் வகுத்தால் சராசரி 16.57 ரூபாய். மாற்றாமல் கூட்டியிருந்தால் 137, சராசரி 13.70 தான் வந்திருக்கும். அந்தக் கிட்டத்தட்ட 3 ரூபாய் வித்தியாசம் முழுக்க விலைவாசியின் வேலை.

நட்டம் வந்த 2019-20 ஐ விட்டுவிட்டு ஒன்பதால் வகுக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் சராசரி 19 ஆக ஏறும், பங்கு இன்னும் மலிவாகத் தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள். கொரோனா மாதிரி ஒன்று இனி வராது என்று வாதாடுவார்கள். கொரோனா வராமல் இருக்கலாம், வேறு ஏதாவது வரும். 10 ஆண்டு என்று நீளமாக எடுப்பதே கெட்ட ஆண்டும் உள்ளே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். நட்ட ஆண்டை நீக்க வேண்டும் என்றால் 30, 34 என்று வந்த ஆண்டுகளையும் நீக்குங்கள். அதற்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: விலையோடு ஒப்பிடுவது

இந்தக் கம்பெனியின் இன்றைய விலை 230 ரூபாய் என்று வைப்போம். ஆப் காட்டும் பி.இ. 230 வகுத்தல் 12, அதாவது 19.2. நம் முறையில் 230 வகுத்தல் 16.57, அதாவது 13.9. இப்போது சரிவில் இருப்பதால் ஆப் இதை விலை அதிகமான பங்காகக் காட்டுகிறது, பத்து ஆண்டுக் கணக்கு அவ்வளவு மோசமில்லை என்கிறது.

2022-23 முடிவுக்குப் போய்ப் பாருங்கள். அப்போது விலை 272 என்றால், 34 ரூபாய் லாபத்துக்குப் பி.இ. வெறும் 8. எல்லோரும் வாங்கச் சொல்லியிருப்பார்கள். நம்மிடம் அன்றுவரை இருந்த 8 ஆண்டு எண்களை 2022-23 ரூபாயில் சராசரி எடுத்தால் 15.6. அந்தக் கணக்கில் விகிதம் 17-க்கு மேல். பி.இ. 8 ஆக இருந்த நாளைவிட 19 ஆக இருக்கும் நாளில்தான் பங்கு உண்மையில் மலிவு. லாபம் ஏறி இறங்கும் தொழில்களில் இந்தத் தலைகீழ் நிலை திரும்பத் திரும்ப வரும்.

சரி, 13.9 நல்லதா கெட்டதா? இத்தனைக்குக் கீழே வாங்கு, இத்தனைக்கு மேலே விற்றுவிடு என்று ஒரே எண் கிடையாது. கிரகாம், கடந்த 7 ஆண்டுச் சராசரி லாபத்தைப் போல் 25 மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று சாதாரண முதலீட்டாளர்களுக்கு வரம்பு வைத்தார். அது பெரிய, நிலையான அமெரிக்கக் கம்பெனிகளை மனதில் வைத்துச் சொன்னது. ஏறி இறங்கும் கம்பெனிக்கு 25 மிகவும் அதிகம் என்பது என் கருத்து.

எனக்குப் பிடித்த வழி விகிதத்தைத் திருப்பிப் போடுவது. 16.57 ஐ 230 ஆல் வகுத்தால் 7.2 சதவீதம். இது பணவீக்கம் போக மிச்சமாகும் சம்பாத்தியம் என்பதைக் கவனியுங்கள். வங்கி வைப்பில் 7 சதவீதம் வட்டி, விலைவாசி 5 சதவீதம் உயர்கிறது என்று வைத்தால் அங்கே உண்மையில் மிஞ்சுவது 2 சதவீதம், அதற்கும் வரி உண்டு. பங்கின் 7.2 ஐ இந்த 2 உடன்தான் ஒப்பிட வேண்டும், 7 உடன் அல்ல. ஆனால் வைப்புத் தொகை பத்திரம், கம்பெனி லாபம் பத்திரமில்லை, அந்த லாபம் முழுவதும் டிவிடெண்டாகக் கைக்கு வருவதும் இல்லை. அந்த ஆபத்துக்காக எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். எனக்குக் குறைந்தது 8 சதவீதம் வேண்டும் என்று முடிவெடுத்தால், 16.57 ஐ 0.08 ஆல் வகுத்து 207 ரூபாய் என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். விலை 230 இல் இருந்தால் காத்திருப்பேன். வாங்கும் விலையைச் சந்தை திறப்பதற்கு முன்னாலேயே எழுதிவைப்பதில் பெரிய நிம்மதி இருக்கிறது. டெலிகிராமில் யாரோ அனுப்பும் டிப்ஸுக்கு அப்புறம் காது கொடுக்கத் தோன்றாது.

அதே கம்பெனியின் 5 ஆண்டு, 10 ஆண்டுக்கு முந்தைய விகிதத்தையும் போட்டுப் பாருங்கள். அதே தொழிலில் உள்ள வேறு இரண்டு கம்பெனிகளுக்கும் போடுங்கள். டயர்க் கம்பெனியை டயர்க் கம்பெனியோடு ஒப்பிட வேண்டும், மென்பொருள் கம்பெனியோடு அல்ல.

சராசரி ஏமாற்றும் இடங்கள்

முதலில் வளரும் கம்பெனி. 10 ஆண்டுக்கு முன் இருந்ததைப்போல் மூன்று மடங்கு பெரிதாகிவிட்ட கம்பெனிக்குப் பழைய சின்ன லாபத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அதன் இன்றைய சக்தி தெரியாது, விகிதம் அநியாயத்துக்கு உயர்ந்து நிற்கும். அதற்கு ஒரு மாற்றுக் கணக்கு இருக்கிறது. கம்பெனி தன் சொந்த மூலதனத்தின் மீது ஒவ்வொரு ஆண்டும் எத்தனை சதவீதம் சம்பாதித்தது என்று 10 ஆண்டுக்கும் எடுங்கள். ஆர்.ஓ.இ. என்று எல்லாத் தளங்களிலும் இருக்கும். அதன் சராசரியை இன்றைய பங்கு ஒன்றுக்கான புத்தக மதிப்பால், அதாவது பங்கு ஒன்றுக்கு வரும் அந்தச் சொந்த மூலதனத்தால், பெருக்குங்கள். நம் கற்பனைக் கம்பெனியில் சராசரி 13 சதவீதம், புத்தக மதிப்பு 140 ரூபாய் என்றால் 18.2 ரூபாய் வரும். முதல் கணக்கு 16.57, இது 18.2. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நம்பிக்கை கூடும். ஒன்று 16, மற்றொன்று 40 என்றால் கம்பெனி நிறைய மாறிவிட்டது என்று அர்த்தம், ஏன் மாறியது என்று ஆண்டறிக்கையில் தேட வேண்டும்.

இதற்கு நேர்மாறானது தேயும் கம்பெனி, ஆபத்து அதிகம் இங்கேதான். பெரம்பூர்ப் பக்கம் பின்னி மில்லை நினைத்துப் பாருங்கள். பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் சேர்ந்த அந்த ஆலையின் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கமே பிறந்தது. காக்கித் துணிக்குப் பேர்போன அந்த மில் 1996 இல் மூடப்பட்டது. ஒரு தொழிலுக்கே காலம் முடிந்துகொண்டிருக்கும்போது, பழைய நல்ல ஆண்டுகள் சராசரியைத் தூக்கிப் பிடித்து வைத்திருக்கும். விலை விழ விழ விகிதம் 10, 7, 5 என்று இறங்கிப் பங்கு மலிவாகிக்கொண்டே போவது போலத் தோன்றும். லாபம் சரிவில் இருப்பது தற்காலிகமா, நிரந்தரமா என்ற கேள்விக்குக் கணக்கில் விடை இல்லை. அந்தப் பொருளை இன்னும் 10 ஆண்டுக்குப் பிறகும் யாராவது வாங்குவார்களா, வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்து இறங்குகிறதா, போட்டிக் கம்பெனிகளுக்கும் லாபம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் சேர்ந்து விழுந்தால் பெரும்பாலும் அது தொழிலின் ஏற்ற இறக்கச் சுழற்சி. இந்தக் கம்பெனிக்கு மட்டும் விழுந்தால் உள்ளே கோளாறு.

கடனையும் பாருங்கள். ஒரே சராசரி லாபமுள்ள இரண்டு கம்பெனிகளில் ஒன்றுக்குக் கடன் இல்லை, மற்றொன்றுக்கு மலைபோல் கடன் என்றால் இரண்டும் ஒரே விலைக்குத் தகுதியானவை அல்ல. பத்து ஆண்டில் மிக மோசமான ஆண்டை எடுங்கள். அந்த ஆண்டு வட்டியை எதிலிருந்து கட்டினார்கள்? சொந்த வருமானத்திலா, புதுக் கடன் வாங்கியா? சராசரி லாபம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கெட்ட ஆண்டைத் தாண்ட முடியாத கம்பெனிக்கு அடுத்த நல்ல ஆண்டு வராது.

கணக்கில் வராத இன்னொன்று, இந்தப் பகுதிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. மாசு, விபத்து, இழப்பீடு, பசுமைத் தீர்ப்பாய வழக்கு போன்றவை 10 ஆண்டு லாபத்தில் ஒரு வரியாகக்கூட இல்லாமல் இருக்கலாம், பதினோராவது ஆண்டில் மொத்தமாக வந்து நிற்கலாம். ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் நிலுவை வழக்குகள், எதிர்பாராப் பொறுப்புகள் என்று ஒரு பகுதி இருக்கும். சின்ன எழுத்தில் இருந்தாலும் அதைப் படியுங்கள். தண்டையார்பேட்டையிலோ காலடிப்பேட்டையிலோ இருந்துகொண்டு காற்றில் என்ன வருகிறது என்று அறிந்தவர்கள், மும்பையில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளரைவிட இந்தப் பகுதியை நன்றாகப் புரிந்துகொள்வார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரி மாற்றமும் உண்டு. 2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனி வரியைக் குறைத்தது. புதிய விகிதத்தைத் தேர்ந்தெடுத்த பெரிய கம்பெனிகளுக்குச் சுமார் 35 சதவீதத்திலிருந்து 25 சதவீதம் அளவுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் லாபம் இன்றைய வரியில் கொஞ்சம் கூடவே வந்திருக்கும். நுணுக்கம் வேண்டுபவர்கள் பழைய ஆண்டுகளின் வரிக்கு முந்தைய லாபத்தை எடுத்து 0.75 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். தொடக்கத்தில் தேவையில்லை.

புதிதாகப் பட்டியலிடப்பட்ட கம்பெனிக்கு இந்த முறை பொருந்தாது. மூன்று ஆண்டு எண்களோடு வரும் கம்பெனிக்குப் பத்து ஆண்டுச் சராசரியை எங்கே போவது? வங்கிகளுக்கு வாராக்கடன் சுழற்சி வேறு மாதிரி, அவற்றைப் பிறகு கற்றுக்கொள்ளுங்கள்.

எப்போது வாங்குவது என்று இது சொல்லாது

1996 டிசம்பரிலேயே ஷில்லரும் கேம்பெலும் அமெரிக்க மத்திய வங்கியிடம் சந்தை விலை அதிகம் என்று எடுத்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் சந்தை மூன்று ஆண்டுக்கு மேல் ஏறிக்கொண்டே போய், 2000 இல்தான் திரும்பியது. அவர்கள் சொன்னது சரி, ஆனால் அடுத்த மாதத்துக்கோ அடுத்த ஆண்டுக்கோ அது பயன்படவில்லை. இந்த விகிதம் 7, 8 ஆண்டு வைத்திருப்பவருக்கு உதவும். மகளின் கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டு எடுக்க வேண்டிய பணத்தை இந்தக் கணக்கை நம்பிப் போட வேண்டாம். மலிவாக வாங்கிய பங்கு இன்னும் மலிவாகி, மூன்று ஆண்டு அப்படியே கிடக்கும் சாத்தியம் நிஜமாகவே உண்டு.

முதல் பயிற்சிக்கு எந்தக் கம்பெனி

சி.பி.சி.எல். ஐயே எடுங்கள். வாங்குவதற்காகச் சொல்லவில்லை, பயிற்சிக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். பெரிய நட்டம், பெரிய லாபம், சின்ன லாபம் மூன்றும் உள்ளே இருக்கின்றன. இந்தப் பத்து ஆண்டில் பங்குகளின் எண்ணிக்கை மாறாததால் போனஸ் சிக்கலும் இல்லை. சராசரியைக் கண்டுபிடித்த பிறகு, ஒவ்வொரு மார்ச் முடிவிலும் பங்கின் விலை என்ன, அன்றைய பி.இ. என்ன, அன்றுவரையிலான சராசரியை வைத்த விகிதம் என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்து அசோக் லேலண்ட். 2020-21 இல் தனிக் கணக்கில் 300 கோடிக்கு மேல் நட்டம், 2024-25 இல் 3,300 கோடி லாபம். போனஸைச் சரிசெய்வதும், தனிக் கணக்கையும் ஒருங்கிணைந்த கணக்கையும் பிரித்துப் பார்ப்பதும் இதில் பழகிவிடும். மூன்றாவதாக எம்.ஆர்.எஃப். ரப்பர் விலையும் கச்சா எண்ணெய் விலையும் ஏறிய ஆண்டுகளில் லாபம் எப்படிச் சுருங்கியது என்று பாருங்கள்.

நோட்டில் ஒரு கம்பெனிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆண்டறிக்கை ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வரும். வந்ததும் புது ஆண்டைச் சேர்த்து, மிகப் பழைய ஆண்டை அடித்துவிட்டு, புதிய குறியீட்டு எண்ணை வைத்து எல்லா வரிகளையும் மறுபடி மாற்றுங்கள். நம் கற்பனைக் கம்பெனியில் 2025-26 வரும்போது 2015-16 இன் 8 ரூபாய் வெளியே போகும். 2031-32 லாபம் உள்ளே வரும் வரை 2021-22 இன் 30 ரூபாய் சராசரிக்குள்ளேயே இருக்கும், அது வெளியேறும்போது சராசரி சட்டென்று இறங்கக்கூடும். எந்த ஆண்டு உள்ளே வருகிறது, எந்த ஆண்டு வெளியே போகிறது என்பதைப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.